நாலாவில் கரைத்த பிண்டம்

மனைவியின் முதலாண்டுத் திதிக்காக, மணமான புதிதில் நாங்கள் வசித்த, ஹட் பே என்ற தீவு ஊருக்கு அருகிலுள்ள கடலோரக் கிராமத்துக்குச் சென்றேன். மாலைதோறும் இருவரும் குளித்த, ஊரார் 'நாலா' என்று சொல்லும் உப்பங்கழி அப்படியே இருந்தது. பிண்டம் கரைக்க இடுப்பளவு நீரில் இறங்கினேன்.

"சார், மேல ஏறுங்க! முதலைக்கா படையல் வைக்கிறீங்க?" என்று கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த மீனவர் கத்தினார்.

"நாங்க இங்கதானே குளிப்போம்?"

"அது அந்தக் காலம் சார். இப்ப முதலை பெருகிப்போச்சு, இந்த நாலாவுல நாங்களே கால் வைக்கிறதில்ல!"

ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்தார். கரையேறித் திரும்பிப் பார்த்தேன்; என் கையிலிருந்து நழுவிய பிண்டம் விழுந்த இடத்தில் ஒரு முதுகு எழுந்து மறைந்தது.

அவர் வீட்டுக் கிணற்று நீரில் சடங்கை முடித்தேன்.

எங்கு சென்றாலும் ஊராரிடம் முதலில் விசாரிப்பவள் என் மனைவிதான். இப்போது, தெரிந்த இடமானாலும், நானே கேட்கிறேன்.