பாட்டுக்கு அடியில் இருந்தவன்

செல்லூர் காளை பேஸ் கிடார் வாசிப்பவன் என்று சொன்னால், கேட்டவர்கள் அடுத்துக் கேட்பது ஒன்றுதான்: "அதுல சத்தம் வருமா?"

வரும். ஆனால் வேப்பமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கருக்கு அந்தச் சத்தம் ஒத்துவராது. கோயில் திருவிழாக் கச்சேரி என்றால் பாடுபவர் குரலும் டிரம்ஸும் குழாய் வழியே தெருக்கோடி வரை போகும். அடித்தொண்டையில் முனகும் பேஸ் மட்டும், மேடையில் காளையின் முதுகுக்குப் பின்னால் இருக்கும் ஸ்பீக்கர் பெட்டியைத் தாண்டி நாலு வரிசை போனால் பெரிய காரியம். பெண்கள் உட்காருமிடமோ எப்போதும் குழாய்க்கு நேர் கீழே. அதனால் அவன் பெண்டாட்டி செல்லத்தாய் எத்தனையோ கச்சேரிக்கு வந்தும், புருஷன் வாசித்து ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அதை அவள் மறைத்ததும் இல்லை.

"எல்லாரும் வாசிக்கிறாக. நீங்க சும்மா தடவிக்கிட்டு நிக்கிறீக" என்பாள்.

பகலில் அவன் விசைத்தறிக் கூடத்தில் மெக்கானிக். தறிகள் ஓடும் இரைச்சலில் யார் பேச்சும் யாருக்கும் கேட்காது. அங்கே அவனை விசில் அடித்துத்தான் கூப்பிடுவார்கள். காளை என்ற பேரை மைக்கில் வைத்துச் சொல்கிற இடம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது மெல்லிசைக் குழுவின் மேடை.

இடைவேளைக்கு முன்னால் குழுவின் தலைவர் கல்யாணராமன் வாத்தியக்காரர்களை ஒவ்வொருவராக அறிமுகம் செய்வார். பேர் சொன்னதும் அவரவர் தன் திறமையைக் காட்ட ஒரு பிட் வாசிக்க வேண்டும் என்பது எல்லாக் குழுவிலும் உள்ள வழக்கம். டிரம்ஸ் பேச்சிமுத்து மேடையே அதிர உருட்டுவான். காளை மட்டும் ஒரே ஒரு கம்பியை ஒரு தரம் தட்டிவிட்டுக் கும்பிடு போடுவான். கூட்டம் சிரிக்கும். அவனும் சிரிப்பான். அந்தச் சிரிப்புதான் பின்னால் வினையாக வந்து நின்றது.

எண்பத்திரண்டில் தவசி வந்தான். கல்லூரியை அப்போதுதான் முடித்த பையன், கைவிரல் ஓரிடத்தில் நிற்காது. பேஸ் கிடாரை எடுத்து உச்ச ஸ்தாயிக்கு ஏறிப் பொரித்துத் தள்ளுவான். அந்த ஸ்தாயி குழாய்க்கு வெகு பிடித்தம். தெருமுனையில் டீ குடித்துக்கொண்டிருப்பவன்கூடத் திரும்பிப் பார்ப்பான்.

கல்யாணராமனுக்குக் கண் அகன்றுவிட்டது. பாங்கில் வேலை பார்ப்பவர், யார் மனதும் நோகாமல் பேசுவதில் கெட்டிக்காரர்.

"இதோ பாருப்பா காளை, ஜனங்களுக்கு இப்போ கை வேகம் காட்டணும். பழங்காநத்தம் கச்சேரியில ரெண்டு பேரும் பிட் வாசியுங்கோ. கைதட்டல் யாருக்கு ஜாஸ்தியோ அவா குழுவில இருக்கட்டும். நான் யார் பக்கமும் பேசலே."

"என்ன சார், எலெக்‌ஷனா வைக்கிறீக?" என்றான் பேச்சிமுத்து. யாரும் சிரிக்கவில்லை.

காளை வேகமாக வாசிக்கப் பழகினான். வீட்டில் பிள்ளை தூங்கும் என்பதால் தறிக்கூடத்துச் சாமான் அறையில் உட்கார்ந்து, பெட்டியோடு இணைக்காமல், தறி ஓடும் சத்தத்தையே தாளமாக வைத்துக்கொண்டு விரலை ஓட்டினான். தன் வாசிப்பு தன் காதுக்கே கேட்காத இடத்தில் பழகுகிறோமே என்று அந்த மடையனுக்குத் தோன்றவில்லை. விரல் நுனி கொப்பளித்து, உடைந்து, காய்த்துப் போயிற்று. ஒரு வழியாக அந்த பிட் கைக்குள் வந்துவிட்டது. அது தனக்குப் பிடித்திருக்கிறதா என்று அவன் கேட்டுக்கொள்ளவே இல்லை. குழு போய்விட்டால் மிச்சம் தறியும் விசிலும்தான். அந்த பயம் அவனைச் சோறு தின்னவிடவில்லை.

கச்சேரி அன்று பொழுது சாய டவுன் பஸ் பிடித்துப் பழங்காநத்தம் போனார்கள். கிடாருக்குச் செல்லத்தாய் பழைய ஜமுக்காளத்தில் தைத்த உறை. அவள் இடுப்பில் பிள்ளை.

"இன்னைக்கு நான் கொழாய்க்குக் கீழ உக்கார மாட்டேன். முன்னாடி உக்காந்து பாக்கப் போறேன்" என்றாள்.

மேடைக்கு முன்னால், தன் பெட்டிக்கு எதிரே அவளை உட்கார வைத்துவிட்டுக் காளை மேலே ஏறினான். உள்ளங்கை ஈரமாக இருந்தது. சட்டையில் துடைக்கத் துடைக்க மறுபடியும் ஊறியது.

முதல் பாதி எப்போதும்போல் போயிற்று. பாடகி ஸ்யாமளா பள்ளிக்கூடத்து டீச்சர். பெட்டிக்குப் பக்கத்தில்தான் நிற்பாள். சரணம் எடுக்கும் முன் தலையை லேசாக இடப்பக்கம் சாய்ப்பாள். பேஸில் சுருதி காதில் விழுந்ததும் பாடுவாள். இதை அவளும் பேசியதில்லை, காளையும் பேசியதில்லை. அன்றும் அவள் தலை சாய்ந்தபோதெல்லாம் அவன் விரல் அங்கே காத்திருந்தது.

அப்புறம் அறிமுகம் வந்தது. முதலில் தவசி. பையன் எடுத்த எடுப்பிலேயே பறந்தான். கிடாரை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் வாசித்தான். பின்வரிசை எழுந்து நின்று விசில் அடித்தது. ஒருவர் மேடையேறி அவனுக்குத் துண்டு போர்த்தினார்.

"அடுத்தது, பேஸ் கிடார், நம்ம செல்லூர் காளை!"

காளை கண்ணை மூடித் திறந்து, பழகிய பிட்டைத் தொடங்கினான். விரல் பிசகவில்லை. சாமான் அறையில் ஓடியதைவிடச் சுத்தமாக ஓடியது. "அட்றா சக்கை!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். விசில் கிளம்பியது. கல்யாணராமன் புருவத்தை உயர்த்திச் சிரித்தார்.

அப்போது அவன் செல்லத்தாயைப் பார்த்தான். அவள் வாயைப் பிளந்து அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்தவர்களும் கையைத்தான் பார்த்தார்கள், கைப்பிடியை விட்டுவிட்டுச் சைக்கிள் ஓட்டுகிறவனைப் பார்ப்பதுபோல. ஒருத்தரும் கேட்கவில்லை என்பது அவனுக்குச் சுரீரென்று உறைத்தது. கை தானாக நின்றுவிட்டது.

மேடை அமைதியாயிற்று. பேச்சிமுத்துவின் குச்சி அந்தரத்தில் நின்றது. "வாசி, வாசி" என்று கல்யாணராமன் உதட்டை அசைத்தார். விட்ட இடத்திலிருந்து மறுபடி ஓட்டியிருந்தால் ஜெயித்திருப்பான். அது அவனுக்கும் தெரியும்.

அவன் அடிக்கம்பிக்கு இறங்கினான். பிள்ளையைத் தூங்க வைக்கச் செல்லத்தாய் முனகும் ஆராரோ மெட்டை மெதுவாக எடுத்தான். ஒரு சுரத்தை வைத்துவிட்டு, அது அடங்கும்வரை பொறுத்து, அடுத்ததை வைத்தான். முன்வரிசையில் யாரும் இப்போது அவன் கையைப் பார்க்கவில்லை. ஒரு கிழவர் கண்ணை மூடிக்கொண்டார். பிள்ளையைத் தட்டிக்கொண்டிருந்த செல்லத்தாயின் கை அந்த நடைக்கே தட்டியது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

பின்வரிசைக்கு ஒன்றும் எட்டவில்லை. "ஏய், சவுண்டு வரலப்பா!" "போதும்யா, பாட்டப் போடு!" என்று கத்தினார்கள். முடித்தபோது முன்னால் நாலு வரிசை கைதட்டியது. அவ்வளவுதான்.

"நன்னாத்தானேப்பா ஆரம்பிச்சே? ஏன் இப்படிப் பண்ணிட்டே?" கல்யாணராமனுக்கு நிஜமாகவே வருத்தம். ஆனால் சொன்ன சொல்லை அவர் மாற்றிக்கொள்ளவில்லை.

காளை தன் ஒயரைக் கழற்றித் தவசியிடம் கொடுத்தான்.

"அண்ணே, கோவிச்சுக்கிறாதீக."

"ஒம் மேல எனக்கென்னடா கோவம். நல்லா வாசி."

சொல்லிவிட்டான். ஆனால் படி இறங்கும்போது நெஞ்சு எரிந்தது, ஓவென்று அழவேண்டும்போல் இருந்தது. கிடாரை உறையில் போட்டுத் தோளில் சாத்திக்கொண்டு செல்லத்தாய் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"தோத்துட்டீகளா?"

"ம்."



இரண்டாம் பாதி தொடங்கியது. ஸ்யாமளாவின் பாட்டு. தவசி சந்து கிடைத்த இடமெல்லாம் ஒரு துள்ளலைச் சொருகினான். பின்வரிசை ஒவ்வொன்றுக்கும் ஆரவாரித்தது. சரணம் நெருங்கியது. ஸ்யாமளா தலையை இடப்பக்கம் சாய்த்தாள். அங்கே ஒன்றும் காத்திருக்கவில்லை. தவசி உச்ச ஸ்தாயியில் எங்கோ இருந்தான். காளையின் விரல் உறையின் மேல் தானாக அழுந்தியது. ஸ்யாமளா ஒரு கணம் தயங்கி எடுத்தாள். சுருதி விலகியது. சமாளித்து மறுபடி பிடித்தாள். குழாய்க்குக் கீழே இருந்தவர்களுக்கு அது தெரியவே இல்லை.

செல்லத்தாய் நெற்றியைச் சுருக்கினாள்.

"ஏங்க, பாட்டு ஒரு மாதிரியா இருக்குல்ல? மொதல்ல நல்லாத்தான இருந்துச்சு. அடியில ஏதோ ஒண்ணு தாங்கிக்கிட்டே வந்துச்சே, அதக் காணோமே."

காளை தோளில் இருந்த கிடாரைச் சரிசெய்துகொண்டான்.

அவள் மேடையில் இருந்த பெட்டியைப் பார்த்தாள். அவன் தோளில் சாய்ந்திருந்த கிடாரைப் பார்த்தாள். பிள்ளையைத் தட்டிக்கொண்டிருந்த அவள் கை நின்றது.

"அதுதான் நீங்களா?"

அவன் தலையாட்டினான். மேடையில் ஸ்யாமளா மறுபடியும் இடப்பக்கம் தலையைச் சாய்த்தாள். கல்யாணராமன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு முன்வரிசையில் யாரையோ தேடினார். காளை அதையெல்லாம் பார்க்கவில்லை.

செல்லத்தாய் பிள்ளையை அவன் மடிக்கு மாற்றிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"இம்புட்டு வருசமா, சும்மா தடவிக்கிட்டு நிக்கிறீகன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே" என்றாள்.