பெரியப்பா வீட்டு ரத்தம்

எங்கள் பெரியப்பாவுக்கு ரத்தத்தைப் பற்றித் தெரியாதது எதுவும் இல்லை. யார் ரத்தம் உசத்தி, யார் ரத்தம் மட்டம் என்று மானாம்பதி டீக்கடையில் உட்கார்ந்துகொண்டே சொல்லிவிடுவார். எனக்குத்தான் ஊசி, காகிதம் எல்லாம் தேவைப்பட்டது.

சின்னப் பிள்ளைகளுக்கு எந்த வயதில் எந்தக் குடல்தொற்று வருகிறது என்று பார்க்கும் வேலை எனக்கு. விரல் நுனியில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைத் தடித்த காகிதத்தில் ஒற்றிக் காயவைத்து அனுப்புவோம். கிருமி வயிற்றை விட்டுப் போன பிறகும், அதை எதிர்க்க உடம்பு உண்டாக்கிய ஆன்டிபாடி ரத்தத்தில் மாதக்கணக்கில் தங்கியிருக்கும்.

"ஏரிக்கரை குடிசைல போய் எடும்மா. நம்ம வூட்ல கேன் தண்ணி வாங்கிக் குடிச்சிக்கினு கீறோம்" என்றார் பெரியப்பா. கேன் தண்ணீர் பெரியவர்களுக்கு. இரண்டு வயதுப் பேத்தியைத் தெருக்குழாய்த் தண்ணீரில்தான் குளிப்பாட்டுவார்கள். அவள் சொம்பிலிருந்து நாலு வாய் குடிக்காமல் எழுந்திருக்க மாட்டாள். பிள்ளையின் அம்மா சம்மதித்ததால் அவளுக்கும் எடுத்தேன்.

பரிசோதனை முடிவில், குடிசைப் பிள்ளைகளுக்கு இருந்த அதே தொற்றின் அடையாளம் பேத்திக்கும் இருந்தது. பயப்பட ஒன்றுமில்லை, தண்ணீரைக் கொதிக்கவைத்துக் கொடு என்று அவள் அம்மாவிடம் சொன்னேன். பெரியப்பா குதித்தார்.

"இன்னா பேசற நீ? அவுங்க ரத்தத்த எங்களுதுன்னு மாத்திக்கினு வந்துட்டியா? மறுபடி எடு!"

குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டக்கூடாது அவருக்கு. ஒழிந்து போகட்டும் என்று காலையில் வரச் சொன்னேன்.

பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். அவள் தலை துவண்டு தொங்கியது. கண் குழிந்து, உதடு காய்ந்திருந்தது. என்ன ஆயிற்று என்று பதறினேன். அவர் பெருமையாகச் சொன்னார்: "ராத்திரி வெளக்கெண்ண குட்தேன். வயிறு சுத்தமா கழுவிக்கினு போச்சு. இப்ப எடு, பாப்போம்."

விளக்கெண்ணெய் கொடுத்தால் ரத்தம் வெளுத்துவிடும் என்று நினைத்திருக்கிறார் மனிதர். என் வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது. உப்புச் சர்க்கரைக் கரைசலை ஸ்பூன் ஸ்பூனாக அவள் வாயில் ஊற்றிக்கொண்டே ஆட்டோவில் உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

குளுக்கோஸ் பாட்டில் பாதி இறங்கியதும் பேத்தி வாய்விட்டு அழுதாள். கண்ணீர் வந்தது. எனக்குப் போன உயிர் திரும்பியது. பெரியப்பா மெல்லப் பக்கத்தில் வந்தார். தப்பை ஒத்துக்கொள்ளப் போகிறார் என்று நம்பிய என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். அவள் கையில் ஊசி ஏற்றியிருந்த இடத்தைக் காட்டினார்.

"ரத்தம் கசிஞ்சிக்கினுதான கீது. இப்பவே ஒரு சொட்டு எடுத்துக்கோயேன்."