குருவிக்கு ஆகாத முத்தம்

பேக்கரியில் கேக்கின் மேல் க்ரீமால் பூ போடுகிறவளைத் தெருவே கேக்கக்கா என்றுதான் கூப்பிடும். பதினோரு வருஷ வேலை. "நீ போட்ட ரோஜாவுக்கு வண்டு வந்தாலும் வரும்மா" என்று முதலாளியே கேலி பண்ணுவார்.

மகளுக்குப் பிறக்கும்போதே பித்தக்குழாயில் அடைப்பு. ஒன்றரை வயதில் கல்லீரல் கைவிரித்துவிட்டது. தாய் தன் ஈரலில் ஒரு துண்டை வெட்டிக் கொடுத்தாள்.

"பிள்ளைக்காக ஈரக்குலை துடிக்கும்பாங்க. நீ நெசமாவே அறுத்துக் குடுத்துட்டியே!" சிரிக்கப் பார்த்த புருஷன் அழுதுவிட்டான். அவன் பஸ் கண்டக்டர். தினமும் ஊரையே அதட்டுகிறவன்.

மஞ்சள் பூத்துக் கிடந்த குழந்தை மூன்றே மாதத்தில் வீடெல்லாம் ஓடினாள். குருவி என்று செல்லப்பேர் வைத்தார்கள்.

ஒரு வருஷம் போனது. ஒரு சாயங்காலம் வேலையிலிருந்து வந்தவள் மகளை வாரியெடுத்து முத்தம் கொடுத்தாள். சற்று நேரத்தில் குருவியின் உதடு தடித்தது, கண் மூடிக்கொண்டது, மூச்சு விசிலடித்தது. ஆஸ்பத்திரியில் தொடையில் ஊசி போட்ட பிறகுதான் போன உயிர் திரும்பியது. முட்டையும் பாலும் ஆகவில்லையாம்; தாயின் கையிலும் முகத்திலும் ஒட்டியிருந்த க்ரீமே அதற்குப் போதுமாக இருந்திருக்கிறது.

"நேத்துவரைக்கும் சாப்பிட்டவதானே டாக்டர்?"

"புது ஈரலை உடம்பு எதிரின்னு தாக்கிடக் கூடாதுன்னு எதிர்ப்பு சக்தியை மருந்தால அடக்கி வெச்சிருக்கோம்" என்றார் டாக்டரம்மா. "ஒரு பக்கம் அடங்கினது இன்னொரு பக்கம் தடம் மாறுது. சின்னப் பிள்ளைங்க சிலருக்கு இப்படி ஆகும். உங்க தப்பு இல்லம்மா."

மருந்தைக் குறைத்தார்கள். தடிப்பு அடங்கியது. ஆனால் ஆறாவது வாரம், உடம்பு ஈரலைத் தாக்கத் தொடங்கியிருப்பது பரிசோதனையில் தெரிந்தது. பத்து நாள் ஆஸ்பத்திரிப் படுக்கை. மருந்து பழைய அளவுக்கே ஏறியது. ஈரல் பிழைத்தது, ஒவ்வாமையும் கூடவே தங்கிவிட்டது.

"முன்னால போனா கடிக்குது, பின்னால போனா உதைக்குது" என்றான் புருஷன்.

அதற்குப்பின் பேக்கரியிலேயே குளித்து, வேறு துணி உடுத்தித்தான் வீட்டுக்கு வந்தாள். அப்படியும் நகக்கண்ணில் எங்கேயோ க்ரீம் ஒட்டியிருந்திருக்க வேண்டும். மகளுக்குத் தலை பின்னிவிட்ட கை, மறுபடி ஊசிவரை கொண்டுபோய் விட்டது.

மறுநாளே வேலையை விட்டாள்.

"லீவு எடுத்துக்கம்மா. வேலையை ஏன் விடறே?" என்றார் முதலாளி.

"கை இதுலயே ஊறிப்போச்சுண்ணே. கழுவக் கழுவப் போக மாட்டேங்குது."

இப்போது ஒரு சலவைக்கடையில் துணி தேய்க்கிறாள். குருவிக்கு ஆறு வயது. ஈரல் நன்றாக வேலை செய்கிறது. பக்கத்துப் பிள்ளை பாசத்தில் எதையாவது ஊட்டிவிடக் கூடாதே என்று மத்தியானம் பள்ளிக்கூடத்துக்கு ஓடி, அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறாள்.

"நீ மட்டும் ஏம்மா தினமும் வர்றே?"

"உன் மூஞ்சியைப் பாக்காம எனக்குச் சாப்பாடு எறங்கலடி."

வீடு திரும்பும்போது பேக்கரித் தெருவை விட்டு, சுற்றுவழியில்தான் போகிறாள். பிள்ளைக்குப் பயந்துதான் என்று புருஷன் நினைக்கிறான். குருவி கூட வராத நாளிலும் அவள் அந்தச் சுற்றுவழியாகத்தான் போகிறாள்.