சாகப்போகிறவனுக்குப் படகில் இடமில்லை

கெல்லிருக்கு நாற்பத்திரண்டு வயது ஆகும்வரை, அவரிடம் ஒரு பொருளை இரவல் வாங்கியதாகச் சொல்லிக்கொள்ள ஐஸ்லாந்தின் மேற்குக் கரையில் ஒருவர்கூட இல்லை. சாணைக்கல்லைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் உறங்குவார். பண்ணையில் பதினெட்டு ஆடுகள், மூன்று மாடுகள். கொட்டகையில் இரண்டு குளிர்காலத்துக்குப் போதுமான காய்ந்த புல்.

அந்த வயதில் வந்த குளிர்காலத்தின் பதினைந்தாவது வாரம், வியாழக்கிழமை, உறைந்த ஆற்றைக் கடக்கும்போது பனிக்கட்டி உடைந்து இடுப்புவரை உள்ளே போனார். கையிலிருந்த கோடரியின் காம்பு குறுக்கே சிக்கியதால் முழுகவில்லை. தொங்கிக்கொண்டிருந்தபோது பயம் வரவில்லை. ஒரு யோசனைதான் வந்தது. உலகைத் தாங்கும் பெருமரத்தின் அடியில் கிணற்றோரம் இருக்கும் விதிப்பெண்கள் மூவரும், தான் பிறந்த அன்றே தன் கடைசி நாளைச் செதுக்கிவிட்டார்கள். அது இன்றைக்கானால், கொட்டகையிலுள்ள புல் அதை நாளைக்குத் தள்ளிவைக்காது. இன்றைக்கு இல்லையென்றால், யாருக்கு எதைக் கொடுத்தாலும் அது முன்னால் வராது. அப்படியானால் இத்தனை காலம் எதற்குப் பயந்து பூட்டிவைத்தோம்?

கரையேறி, உடுப்பு மாற்றி, நேரே பக்கத்துப் பண்ணைக்குப் போய், தோர்னியின் வாசலில் ஒரு சுமை புல்லைப் போட்டார். அவள் கணவன் கால் முறிந்து கிடந்தான். தோர்னி மகிழவில்லை, வெளிறிப்போனாள்.

“ஐயோ அண்ணே, உங்களுக்கு என்ன ஆச்சு?”

சாவு நெருங்கியவனுக்கு முதலில் சுபாவம் மாறும் என்பது அந்தக் கரையில் எல்லோருக்கும் தெரியும். கருமி வாரிக் கொடுத்தால், கோபக்காரன் சிரித்தால், நாள் வந்துவிட்டது என்று பொருள். பத்து நாளில் அக்கம்பக்கத்து ஒன்பது பண்ணைகளுக்கும் செய்தி போய்விட்டது. கெல்லிர் சாணைக்கல்லை இரவல் கொடுக்கக் கொடுக்க, வாங்கியவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்கள்.

கோடை பிறக்க நான்கு வாரம் இருக்கையில், மீன்பிடிக்கு ஆறு துடுப்புப் படகை இறக்கும் காலம் வந்தது. படகு ஸ்டார்ரியுடையது. அவர் கெல்லிரின் மனைவி ஆல்வோருக்கு அண்ணன். பன்னிரண்டு ஆண்டுகளாக வலப்பக்கம் இரண்டாவது துடுப்பு கெல்லிருடையது. அந்த மீன்பங்கு இல்லாவிட்டால் வீட்டில் ஐந்து பேருக்கு அடுத்த குளிர்காலத்தில் கருவாடு இல்லை.

“மாப்பிள்ளே, தப்பா நெனைக்காதீங்க. இந்தத் தடவ நீங்க வேண்டாம்” என்றார் ஸ்டார்ரி.

“எனக்கு நாள் குறிச்சிருந்தா அது எனக்குத்தானே மச்சான்? உங்களுக்கென்ன?”

“எனக்கும் அதே நாளைக் குறிச்சிருந்தா? அதத் தெரிஞ்சுக்க உங்க பக்கத்துல உக்காந்துதான் பாக்கணுமா?”

கடைசியில் ஸ்டார்ரியே ஒரு வழி சொன்னார். மூன்று நாள் பழையபடி இருக்க வேண்டும். எவருக்கும் எதுவும் கொடுக்கக் கூடாது. இருந்து காட்டினால் நாலாம் நாள் படகில் ஏறலாம்.

ஆல்வோர் அதைப் பிடித்துக்கொண்டாள். “மூணே நாள்ங்க. இருபது வருஷமா எங்கிட்ட இருந்த மாதிரி இருங்க, போதும்.”

“சாவு வருதுன்னு நான் மாறினேனா, இல்ல மாறினதால சாவு வருதா? எனக்கே வெளங்கல ஆல்வோர்.”

“வெளங்கவே வேண்டாம். பேசாம கருவாட்டத் தின்னுங்க. வெண்ணெய் கேட்டா குடுக்க மாட்டேன். நானும் பழகிக்கிறேன்.”

முதல் நாள் இரவல் கேட்டு வந்த இரண்டு பேரைத் திட்டி அனுப்பினார். அவர்கள் சந்தோஷமாகப் போனார்கள். இரண்டாம் நாள் கதவையே திறக்கவில்லை. மூன்றாம் நாள் நண்பகலில் தோர்னி வந்தாள். பசு எழுந்து நிற்கவில்லை, ஒரு சுமை புல் வேண்டும் என்றாள். இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். அந்தச் சொல் சிறுத்துப்போன பழைய சட்டையாக இருந்தது, கை நுழையவில்லை. ஸ்டார்ரி எதிர்மேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, புல்லைத் தன் முதுகிலேயே சுமந்துபோய்ப் பசுவின் முன்னால் போட்டார்.

நாலாம் நாள் காலை, படகைத் தள்ளிவிட மட்டும் கரைக்குப் போனார். ஐந்து பேர் ஏறினார்கள். ஆறாவது ஆள் எந்தப் பண்ணையிலும் கிடைக்கவில்லை. நான்கு துடுப்பில் போனால் நீரோட்டம் பின்னால் தள்ளியது. ஐந்தில் போனால் படகு வலப்புறமாகவே வட்டமடித்தது. இரண்டு வட்டம் முடிந்ததும் ஸ்டார்ரி கரைக்குத் திரும்பினார்.

“ஏறித் தொலைங்க மாப்பிள்ளே. இப்படிச் சுத்திச் சுத்தியே கெழவனாகறதுக்கு, உங்ககூட முழுகறதே தேவலாம்.”

அன்று முழுக்க ஐந்து பேரும் மீனைப் பார்க்கவில்லை, அவரையே பார்த்தார்கள். சாயங்காலத்துக்குள் நூற்று நாற்பத்தாறு மீன்களோடு ஆறு பேரும் கரை சேர்ந்தார்கள்.

“அப்ப இன்னிக்கு இல்ல” என்றார் ஸ்டார்ரி. கொஞ்சம் ஏமாந்ததுபோலவும் இருந்தது அவர் குரல்.

அதற்குப் பிறகு வந்த வசந்தங்களிலெல்லாம், படகிறக்கும் காலையில், “இன்னும் இருக்கீங்களா?” என்று கேட்பார். “அப்படித்தான் தெரியுது மச்சான்” என்பார் கெல்லிர். தான் மாறியது துணிவாலா, சாவின் நெருக்கத்தாலா என்பது அவருக்கு ஒருநாளும் தெளியவில்லை. கொடுப்பதை நிறுத்தவும் இல்லை.

முப்பத்தொரு ஆண்டுகள் கழிந்து, புல்லறுப்பு முடிந்த இரண்டாம் வாரம், ஸ்டார்ரி தடியூன்றி வந்து சாணைக்கல் கேட்டார்.

“கல்லு தர்றதுக்கில்ல மச்சான்.”

ஸ்டார்ரி அப்படியே கற்சுவரில் உட்கார்ந்துவிட்டார். “மாறிட்டீங்களா மாப்பிள்ளே? இப்பவா?”

கெல்லிரும் ஒரு நிமிடம் குழம்பித் தன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“கல்லு ஒடஞ்சு போச்சு, அதான்.”

ஸ்டார்ரி நம்பவில்லை. இரண்டு துண்டுகளையும் கொண்டுவரச் சொல்லி, பொருத்திப் பார்த்து, பெரிய துண்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.