முனிலட்சுமி வரைந்த விரிசல்கள்

சூளகிரிப் பக்கம் ஒரு கம்பெனியில் முனிலட்சுமிக்குத் தரச்சோதனை வேலை. மாதிரியை ஒரு கையிலும் புதிதாக வந்த பாகத்தை மறு கையிலும் பிடித்து, மயிரிழை வித்தியாசம் தெரிந்தாலும் ஒதுக்கிவிட வேண்டும். வீட்டிலேயே முதல் பட்டதாரியான அவள் நான்கு வருடமாக இதைத்தான் செய்கிறாள். இதைத் தவிரத் தனக்கு ஏதாவது வருமா என்று பார்க்கத்தான் எண்ணெய் வண்ணம் பழகினாள். பழைய ஐரோப்பிய ஓவியம் ஒன்றில் இருந்த கிழவியின் முகத்தை அச்செடுத்துச் சுவரில் ஒட்டிவைத்து, அதைப் பார்த்து மூன்று மாதமாக வரைந்து முடித்தாள்.

ஷிப்ட் விட்டு வந்த அறைத்தோழி ஃபகருன்னிசா படத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஏண்டி, கெழவி நெத்தி காஞ்ச ஏரி மாதிரி வெடிச்சுக் கெடக்குது?"

"படத்துல அப்படித்தாண்டி இருக்குது."

"அது பழைய பெயிண்டு வெடிச்சதுடி லூசு! கெழவிக்கா வெடிச்சுது?"

அந்தக் கோடுகளுக்கு மட்டும் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆகியிருந்தன. மாதிரியில் இருந்ததைப் போட்டாளே தவிர, முகத்தை அவள் பார்க்கவே இல்லை. இங்கேயும் சோதனைதான் செய்தோமா என்று நினைத்தபோது அசதியாக இருந்தது.

விரிசல்களை மூட வண்ணம் குழைத்தாள். அடியில் நெற்றி எப்படி இருந்திருக்கும் என்று அச்சுப்படத்தில் தெரியவில்லை.

"கொஞ்சம் இப்படி உக்காருடி. நெத்தியப் பாக்கணும்."

"சீக்கிரம் பாரு, கண்ணு சொக்குது."

தோழியின் புருவத்துக்கு மேலே தோலுக்கடியில் லேசான பச்சை ஓடுவதை முனிலட்சுமி அன்றுதான் கவனித்தாள். அந்த நிறத்தை அவள் கலந்து முடிப்பதற்குள் ஃபகருன்னிசா உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள்.