டெரன்ஸின் நக்கல்

பெரியதாழையில் டெரன்ஸின் பேச்சுக்கு ஒரே பேர்தான், நக்கல். ஆனால் அர்த்தம் ஆளுக்கு ஆள் மாறும். மாதா கோயில் சாமியாருக்கு அது திமிர். பெற்ற தாய்க்கு வாய்க்கொழுப்பு. கடல் கூட்டாளிகளுக்கோ அது இல்லாமல் பொழுதே போகாது. அவன் சிரிக்காமல் சொல்லுவான், கேட்டவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள்.

அவன் மனைவி ஞானசௌந்தரி வேறோர் அர்த்தம் வைத்திருந்தாள். தலைப்பிரசவத்தில் பிள்ளை தலை திரும்பாமல் கிடந்தபோது, "பிள்ளைக்கு வாசல் தெரியலையோ, நான் வேணா போயி கூட்டிட்டு வரட்டா?" என்று நர்ஸிடம் கேட்டான். நர்ஸ் சிரித்துவிட்டாள். ஞானசௌந்தரியைப் பிடித்திருந்த அவன் கை வெடவெடவென்று நடுங்கியது. பயம் வந்தால் இந்த மனுசனுக்கு அழத் தெரியவில்லை, இதுதான் வருகிறது என்று அன்றைக்குப் புரிந்துகொண்டாள்.

போன மாதம் தனியாகக் கடல் தொழிலுக்குப் போன டெரன்ஸின் வள்ளம் காற்றில் கவிழ்ந்தது. மறுநாள்தான் உடல் ஒதுங்கியது.

முப்பதாம் நாள் பூசை முடிந்து வீட்டில் சாப்பாடு. பந்தியில் ஆளாளுக்கு அவன் நக்கலைச் சொல்லிச் சிரித்தார்கள். அவன் குரலிலேயே சொன்னார்கள். செத்தவன் ஒவ்வொரு வாயாக மாறி மாறிப் பேசுவது போலிருந்தது அவளுக்கு.

வள்ளம் கவிழ்ந்த அன்று கடலில் பக்கத்தில் வலை போட்டிருந்த ரோச்சும் சொன்னான். "காத்து எடுத்ததும் வயர்லெஸ்ல கூப்பிட்டேன். எப்படிலே இருக்கன்னு கேட்டா, 'இத்தனை நாளு நாம மீனைப் பிடிச்சோம்லா, இன்னைக்கு அதுக முறை'ங்கான். நான் சிரிச்சிட்டு வள்ளத்தைக் கரைக்குத் திருப்பிட்டேன்."

பந்தியே சிரித்தது. குழம்புச் சட்டியோடு நின்ற ஞானசௌந்தரி சட்டியைக் கீழே வைத்தாள். கூப்பிட்டிருக்கிறான். அவனுக்குத் தெரிந்த ஒரே பாஷையில் உதவிக்குக் கூப்பிட்டிருக்கிறான்.

கை கழுவப் போன ரோச் அடுக்களைப் பக்கம் வந்து நின்றான். கண் சிவந்திருந்தது. ராத்தூக்கம் இல்லாத முகம்.

"மதினி, அவன் நக்கலுக்குத்தான சொன்னான்?"

ஒரு வார்த்தை போதும், இந்த ஆள் உயிரோடு செத்துப்போவான். ஞானசௌந்தரிக்கு அது நன்றாகவே தெரிந்தது. கோபமும் இருந்தது.

"நக்கலுக்குத்தான். பயந்திருந்தா அவுக நேராச் சொல்லியிருப்பாவளே" என்றாள்.

ரோச் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனான்.

அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். விடியலில் கடலுக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று எதையாவது சொல்லி அவளைச் சிரிக்க வைத்துவிட்டுத்தான் டெரன்ஸ் போவான். ஒரு நாள் தவறியதில்லை. அத்தனை நாளும் அவளும் சிரித்துத்தான் அனுப்பியிருக்கிறாள்.