சுருதி சேர்த்த பெட்டி

பழைய வாத்தியங்களின் வரலாறு எழுதுவது அமைதியான தொழில் என்று நினைப்பவர்கள், மேசைக்கடியில் ஆடிக்கொண்டேயிருக்கும் என் கால்களைப் பார்த்ததில்லை. ஒப்பந்தம் முடியும் திகதியை எண்ணி எண்ணி வேலை செய்பவர்களே, உங்களுக்கு விளங்கும்.

தேரடியில் மோர்

ஐரிஷ் மரபிசையில் கான்செர்டினா என்றொரு கையடக்கத் துருத்திப் பெட்டி உண்டு. ஆர்மோனியத்தின் தம்பி என்று வையுங்கள். ஒரு காலத்தில் ஜெர்மனியில் செய்து மலிவாக அயர்லாந்துக்கு அனுப்பினார்கள். அதைத்தான் இங்கே ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்கிறேன். ஊன்ட்றொப் ஊரிலுள்ள எங்கள் ஆட்களின் அம்மன் கோயில் தேரன்று அம்மாவின் சிநேகிதி ஒருவர் மோர் தந்து, என்ன வேலை என்று விசாரித்தார். எல்லாவற்றையும் சொன்னேன். நாதஸ்வரச் சத்தம் கொஞ்சம் அடங்கும்வரை பொறுத்திருந்து சொன்னார்:

"ஓம் தம்பி, நல்லது. உதைத் தேடுறதுக்கு ஐரிஷ்காரருக்கு ஆக்கள் இல்லையோ?"

ஓர் அன்ட்ராக்

வேலையை ஒரு வருடம் நீட்டச் சொல்லி அன்ட்ராக், அதாவது விண்ணப்பம், எழுதினேன். அயர்லாந்துக் கிராமங்களில் தங்கள் பிடிலுக்கு ஒத்துப்போகவென்று, இந்தப் பெட்டிக்குள் அதிர்ந்து ஒலியெழுப்பும் உலோக நாக்குகளை அரத்தால் சுரண்டிச் சுருதியை மாற்றினார்கள் என்பது என் வாதம். சான்றாக வாய்வழிக் கதைகளைக் கட்டுக்கட்டாகச் சேர்த்திருந்தேன். கதை கேட்டே வளர்ந்தவனுக்கு அது போதுமென்று பட்டது. எங்கள் துறைப் பேராசிரியை கடைசிப் பக்கம்வரை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"கதைகள் அருமை. அப்படிச் சுரண்டிய பெட்டி ஒன்றைக் காட்டு. ஒன்று போதும்."

சனிக்கிழமை

ஊர் ஊராகக் கடிதம் போட்டேன். மின்னஞ்சலைப் பத்து நிமிடத்துக்கு ஒருதரம் பார்த்தேன். கடைசியில் ஸ்டுட்கார்ட்டிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் அழைத்தார். அவருடைய பெரியம்மா அயர்லாந்தில் கலியாணம் முடித்தவராம்; கணவர் இறந்தபின் அவருடைய கான்செர்டினாவோடு திரும்பி வந்தாராம். அது வேறெந்த வாத்தியத்தோடும் ஒட்டாதாம்.

கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். அந்த ஒட்டாமையைத்தானே தேடுகிறேன்! அதை அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். பெறுமதியான பொருள், கவனமாகக் கொண்டுவாருங்கள் என்று மட்டும் மெல்லச் சொன்னேன்.

சனிக்கிழமை டோர்ட்மண்ட் ரயில் நிலையத்தில் ஒரு மணித்தியாலம் முன்பே போய் மேலும் கீழும் நடந்தேன். அவரை எங்கள் துறைக்குக் கூட்டிவந்து பெட்டியை வாசித்துப் பார்த்தால், ஒவ்வொரு சுரமும் இன்றைய பியானோவோடு கச்சிதமாக ஒட்டியது. திருகாணிகளைக் கழற்றினேன். நாக்குகள் மின்னின. பழைய அரத்தின் தடம் ஒன்றுகூட இல்லை. அவர் முகம் மலர்ந்து சொன்னார்:

"பல்கலைக்கழகத்துக்கு அபசுரமாகக் கொண்டுவர வெட்கமாயிருந்தது. நல்ல ஆளிடம் கொடுத்துச் சரியாக்கிவிட்டேன்."

ஒப்பந்தம் முடிய இன்னும் ஆறு கிழமை இருக்கிறது. இப்போதெல்லாம் யார் அழைத்தாலும், அது அம்மாவாகவே இருந்தாலும், வணக்கத்துக்கு முன்னரே ஒன்றையும் தொடவேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன்.